காசு கட்டி விளையாட அனுப்புவதா?

கேள்வி: அக்கா, என் மகளுக்கு ஐந்து வயது. வீட்டுக்குப் பக்கத்துப் பாலர் பள்ளிக்குப் போகிறாள். அங்கே மண், தண்ணீர், கட்டை என்று எப்போதும் விளையாட்டுதான். வேறு பள்ளிக்குப் போகும் எதிர்வீட்டுப் பையன் இதே வயதில் உயிரெழுத்து எல்லாம் எழுதுகிறான், தினமும் வீட்டுப்பாடம் வேறு. "காசு கட்டி விளையாடவா அனுப்புற?" என்று மாமியார் கேட்கிறார். பள்ளியை மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள் தங்கச்சி. முதலில் அவள் கையை நினைத்துப் பாருங்கள். பெரியவர்களின் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு, வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும், ஐந்து வயதில் அந்த வேலை முடிந்திருக்காது. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் கை வலிக்கும், அப்புறம் நோட்டைப் பார்த்தாலே பிள்ளை ஓடும். ஈர மண்ணை அள்ளுவது, சப்பாத்தி மாவு பிசைவது, துணி கிளிப்பை அழுத்தி மாட்டுவது, கம்பியில் தொங்குவது இதெல்லாம்தான் விரலுக்கு வலு.

அடுத்த தடவை அவள் கடை வைத்து விளையாடும்போது கொஞ்ச நேரம் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ரொட்டியும் தேநீரும் விற்கிற மாமாக் உணவுக்கடை என்றே வைத்துக்கொள்வோம். பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, "அண்ணே, என்ன வேணும்?" என்று கேட்டு, கிழிந்த தாளில் எதையோ கிறுக்கிக்கொண்டு, "ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரிக் ஒன்னு!" என்று உள்ளே குரல் கொடுப்பாள். வாயால் சொன்னதைத் தாளில் வைக்கலாம் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, எழுத்தின் வடிவம் மட்டும்தான் பாக்கி. கேட்டதை மறக்காமல் அடுப்புவரை கொண்டுபோகிறாள், எண்ணி வைக்கிறாள், பிஸ்கட்தான் ரொட்டி என்றால் தின்ன ஆசை வந்தாலும் 'நான் கடைக்காரி' என்று கையை அடக்கிக்கொள்கிறாள். சும்மா உட்காரச் சொன்னால் ஒரு நிமிடம் உட்காராத பிள்ளை இது! விளையாட்டில் பிள்ளை தன்னைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்று சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இதைத்தான்.

நம் மலேசிய நாட்டுக் கலைத்திட்டமும் இதற்கு எதிராக இல்லை. 2017-இல் திருத்திய தேசியப் பாலர் பள்ளி கலைத்திட்டம் விளையாட்டின்வழி கற்றலை வலியுறுத்தியது. ஆரம்பப் பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வையே 2019-இல் எடுத்துவிட்டார்கள். பிறகு ஐந்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை நெருக்கடி?

ஆனால் ஒன்று. விளையாட்டு என்று பேர் சொல்லி பிள்ளைகளை டிவி முன்னால் உட்காரவைக்கிற இடங்களும் உண்டு. ஒரு காலையில் நேரில் போய்ப் பாருங்கள். ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, "பாலம் ஏன் விழுந்துச்சு? இன்னும் எத்தனை கட்டை வேணும்?" என்று பேச்சுக் கொடுக்கிறாரா, கதை வாசித்துக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் நல்ல பள்ளிதான். மகள் யாரோடும் சேராமல், பாவனை விளையாட்டே இல்லாமல், பேச்சும் தெளிவில்லாமல் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

மாமியாரோடு வாக்குவாதம் வேண்டாம். ஒரு சொங்காக் (மலாய்க்காரர்களின் பல்லாங்குழி) பலகையும் கொஞ்சம் புளியங்கொட்டையும் வாங்கிக் கொடுத்து, பேத்திக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். குழிக்கு ஒன்றாகப் போட்டு எண்ணும்போது அவள் என்ன படிக்கிறாள் என்று அவரே பார்த்துக்கொள்வார்.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. டேப்லட்டில் எழுத்து விளையாட்டு, எண் விளையாட்டு என்று மணிக்கணக்கில் இருக்கிறான். அதுவும் விளையாட்டுதானே?
– ஒரு தந்தை, கெப்போங்

பதில்: இல்லை ஐயா. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குத் திரை ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. அதே வயதில் உடம்பை அசைத்து விளையாட நாளைக்கு 180 நிமிடம் வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும். அடுக்குமாடியில் இடமில்லை என்பது புரிகிறது. வார இறுதியில் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். மற்ற நாளில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டு வாசலில் சுண்ணக்கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டு நீங்களும் சேர்ந்து குதியுங்கள், அவன் டேப்லட்டைக் கேட்கமாட்டான்.