பத்து நாள் மையத்தில் இருந்தும் தம்பி மீளவில்லை: ஃபென்டானிலுக்கு என்னதான் சிகிச்சை?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ஃபென்டானிலுக்கு அடிமையாகி இரண்டு வருடம் ஆகிறது. போதை மீட்பு மையத்தில் இரண்டு முறை, பத்துப் பத்து நாள் வைத்திருந்து அழைத்து வந்தோம். முதல் முறை ஒரு மாதம் தாங்கினான். இரண்டாம் முறை, வீடு திரும்பிய மூன்றாம் நாளே குளியலறையில் நினைவில்லாமல் கிடந்தான். ஆம்புலன்ஸில் வந்தவர்கள்தான் பிழைக்க வைத்தார்கள். இப்போது ஒரு மருத்துவர் புப்ரெனார்ஃபின் மாத்திரையைத் தொடர்ந்து எடுக்கச் சொல்கிறார். “ஒரு போதையை விட்டுவிட்டு இன்னொரு போதையா?” என்று அப்பா தடுக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: ‘மூன்றாம் நாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஃபென்டானில், மார்ஃபின், ஹெராயின் போன்றவை ஓபியாய்டு என்ற வகையைச் சேர்ந்தவை. அந்த வகை போதையை நாள்தோறும் எடுப்பவரின் உடல், கொஞ்சம் கொஞ்சமாக அதிக அளவைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. சில நாள் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி வடிந்துவிடும். ஆசை வடியாது. வெளியே வந்தவர் பழைய நினைப்பில் பழைய அளவையே எடுக்கிறார். முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்துகிறது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்களில் சாவு அதிகமாக நேர்வது இதனால்தான். ஆகவே உங்கள் தம்பிக்கு மன உறுதி போதவில்லை என்று தயவுசெய்து யாரும் பேச வேண்டாம். உடலிலிருந்து போதையை இறக்குவது சிகிச்சையின் வாசற்படி மட்டுமே. இரண்டு முறையும் அவரைப் படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஃபென்டானில் பிறந்தது மருந்தாகத்தான். பெல்ஜியத்தில் பால் ஜான்செனின் ஆய்வுக்கூடத்தில் 1960-ஐ ஒட்டி உருவானது. இன்றும் அறுவை அரங்கிலும், புற்றுநோய் வலிக்குத் தோலில் ஒட்டும் பட்டையாகவும் பயன்படுகிறது. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது என்பதால் மருத்துவர்கள் இதை மைக்ரோகிராம் கணக்கில் அளந்து கொடுப்பார்கள். கள்ளச் சந்தையில் அளப்பவர் யார்? பென்சில் முனையில் ஒட்டிக்கொள்ளும் 2 மில்லிகிராம் தூளே பழக்கமில்லாத ஒருவரைக் கொன்றுவிடலாம். ஒரே பொட்டலத்தில் வாங்கிய இரண்டு போலி மாத்திரைகளில் ஒன்றில் கொஞ்சமும் மற்றதில் பல மடங்கும் இருக்கலாம்.

இனி உங்கள் அப்பாவின் கேள்வி. அது நியாயமான கேள்விதான். மருத்துவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். வலிக்காக ஃபென்டானில் பட்டை ஒட்டியிருக்கும் புற்றுநோயாளியை எண்ணிப் பாருங்கள். பட்டையைத் திடீரென்று எடுத்தால் அவருக்கும் உடல் நடுங்கும், வயிறு போகும், தூக்கம் கெடும். அவர் உடல் மருந்தைச் சார்ந்திருக்கிறது. ஆனால் அவர் போதை அடிமை அல்ல. அதற்காகப் பொய் சொல்வதில்லை, வீட்டுப் பொருளை விற்பதில்லை, கெடுதல் என்று தெரிந்தும் அதன் பின்னால் ஓடுவதில்லை. உடல் சார்ந்திருப்பது ஒன்று, வாழ்க்கையே அதன் பிடியில் போவது வேறு. புப்ரெனார்ஃபின் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை அறுக்கிறது.

ஃபென்டானில் மூளையில் எந்த ஏற்பிகளில் போய் ஒட்டுகிறதோ, அதே இடத்தில் புப்ரெனார்ஃபின் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அவற்றைப் பாதியளவே தூண்டுகிறது. உடல் நோவு அடங்குகிறது, ஏக்கம் தணிகிறது. ஒரு வரம்புக்கு மேல் அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு அந்த விகிதத்தில் கூடுவதில்லை. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், அதை மறக்கக் கூடாது. இதேபோல் ஏக்கத்தைத் தணிக்கும் மெத்தடோன் என்ற மருந்து இன்னொரு நல்ல வழி. பெரும்பாலும் தொடக்கத்தில் கண்காணிப்பில் நாள்தோறும் கொடுப்பார்கள். இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஓபியாய்டு வேலை செய்யாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மூன்றாவது மருந்தைத் தொடங்க 7 முதல் 10 நாள் வரை ஓபியாய்டு எதுவும் இல்லாமல் இருந்தாக வேண்டும். பலர் அந்த நாட்களைத் தாண்டுவதே இல்லை.

முதல் வேளையில்தான் பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள். ஃபென்டானில் உடலில் மிச்சமிருக்கும்போதே புப்ரெனார்ஃபினைப் போட்டால், அதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு உட்காரும். நாள்கணக்கில் வர வேண்டிய அவதி ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். நெடுநாள் எடுத்தவரின் உடல் கொழுப்பில் ஃபென்டானில் தங்கி மெதுவாகக் கசிவதால், மற்ற ஓபியாய்டுகளைவிட இதில் கூடுதல் கவனம் தேவை. கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், விரிந்த கண்மணி ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, உரிய நிலை வந்த பிறகே மருத்துவர் தொடங்குவார்; அல்லது மிகச் சிறிய அளவில் தொடங்கி ஏற்றுவார். வீட்டில் நீங்களாக முயல வேண்டாம். மாத்திரையை விழுங்கக் கூடாது. நாக்கின் அடியில் வைத்து, பேசாமல், முழுதும் கரையும்வரை காத்திருக்க வேண்டும். கரைந்ததும் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பல் கெடும்.

எவ்வளவு காலம்? மாதங்கள், பலருக்கு வருடங்கள். நிறுத்தும் தேதியை முதல் நாளே கேட்காதீர்கள்.

இடம் தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். தொலைபேசியிலேயே கேளுங்கள்: புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் தருகிறீர்களா? வீடு திரும்பிய பிறகும் தொடருமா, யார் எழுதித் தருவார்? நடுவில் ஒருமுறை போதை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு “வெளியே அனுப்பிவிடுவோம்” என்று பதில் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிடலாம். நோய் முற்றும்போது நோயாளியைத் துரத்தும் இடம் மருத்துவமனை ஆகாது. இத்தனை நாளில் முழு குணம் என்று உறுதி கொடுப்பவர்களும், அடித்துத் திருத்துபவர்களும் அதே ரகம்தான். போதைநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் இருந்தால் புறநோயாளியாகவே பார்க்கலாம். சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் ஃபென்டானிலுக்கென்று தனியாகக் கேளுங்கள். மார்ஃபின் போன்ற அபின் வகைகளைத் தேடும் வழக்கமான ஓபியேட் சோதனையில் அது சிக்காது.

இவையெல்லாம் ஏற்பாடாவதற்குள் வீட்டில் நாலாக்சோன் ஸ்ப்ரே இருக்கட்டும். ஓபியாய்டின் விளைவை முறித்து, நின்றுபோகும் மூச்சைத் திருப்பும் மருந்து அது. ஒன்று போதாது, இரண்டு. உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, குறட்டைபோல் தொண்டை கரகரத்தால் அது தூக்கம் அல்ல. மார்பெலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் விழிக்காவிட்டால் மூக்குத் துளையில் அடித்து, ஆம்புலன்ஸை அழைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். 2, 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இரண்டாவதை அடியுங்கள். எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் ஓய்ந்துவிடும், ஃபென்டானில் அதற்குப் பிறகும் இருக்கலாம்.

ஸ்ப்ரேயை உங்கள் அப்பாவிடமும் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். சோதித்துப் பார்க்க அழுத்திவிடப் போகிறார். உள்ளே இருப்பது ஒரே வேளை மருந்து. குளியலறையின் உள்தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.