லூசிண்டா வில்லியம்ஸின் ஆல்பம் பிடிபடவில்லை என்றவருக்கு

வணக்கம். அமெரிக்கப் பாடகி லூசிண்டா வில்லியம்ஸின் ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு’ ஆல்பத்தை இரண்டு முறை கேட்டும் உச்சரிப்பு புரியவில்லை, எல்லாப் பாட்டும் ஒரே சோகமாக ஒலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள். 13 பாடல்களையும் ஒரே மூச்சில் கேட்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

கடைசிப் பாடலான ‘ஜாக்சன்’ இலிருந்து தொடங்குங்கள். ஒரு பெண் ஒருவனைப் பிரிந்து ஊர் ஊராகப் போகிறாள். ஜாக்சன் போய்ச் சேர்ந்தால் உன் நினைவு அவ்வளவாக வராது என்கிறாள். லஃபாயெட், பேட்டன் ரூஜ் என்று ஒவ்வோர் ஊருக்கும் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்கிறாள். மறக்கவே முடியவில்லை என்பது அந்தத் திரும்பச் சொல்லலிலேயே தெரிந்துவிடுகிறது! ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்தாலே போதும், பாட்டு புரியும்.

பிறகு தலைப்புப் பாடல். காரின் பின்னிருக்கையில் ஒரு சிறு குழந்தை, பெரியவர்களின் பேச்சு, சரளைக்கல் சாலையில் சக்கரச் சத்தம். லூசிண்டாவின் தந்தை மில்லர் வில்லியம்ஸ் ஒரு கவிஞர். சொற்சிக்கனம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

‘டிரங்கன் ஏஞ்சல்’ 1989இல் ஆஸ்டினில் சுட்டுக் கொல்லப்பட்ட பாடகர் பிளேஸ் ஃபோலியைப் பற்றியது. இது தெரிந்தபின் கேட்டால் அந்தக் குரலில் இருப்பது வெறும் சோகமல்ல, கோபமும்தான் என்பது புரியும்.

1998இல் வந்த ஆல்பம் இது. ஒருமுறை பதிவு செய்ததை லூசிண்டா திருப்தியில்லாமல் மறுபடி பதிவு செய்தார். பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, இரவில், ஒரு நாளைக்கு இரண்டு பாட்டு மட்டும் கேளுங்கள்.