ஏற்காடு ஏறும் மகளுக்காக மனையை விற்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு சேலம் அம்மாபேட்டை. வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார், மாதம் 24,000 வரும். நான் ஜாக்கெட் தைத்து 14,000 பார்க்கிறேன். மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ. இரண்டு வருடமாக ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறாள். ஞாயிறானால் விடியற்காலை கிளம்பி அடிவாரத்திலிருந்து 70 நிமிடத்தில் ஏற்காடு ஏறிவிடுகிறாள். மாவட்ட அளவில் இரண்டு மெடல் வாங்கியிருக்கிறாள். 4 லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் இருந்தால்தான் மேலே போக முடியும் என்கிறார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் சின்ன மனையை விற்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். வெளிநாட்டு அணியில் சேர்ந்தால் யூரோவில் சம்பளம், ஒரே வருடத்தில் போட்டது திரும்பிவிடும் என்கிறார் என் தம்பி. கையில் 2 லட்சம் எஃப்.டி., செல்வமகள் கணக்கில் 2 லட்சத்து 60 ஆயிரம், 9 பவுன் நகை. மாதம் 5,000 கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது. இளையவன் ஏழாவது படிக்கிறான். என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, மனையை விற்க வேண்டாம். பாப்பாவை நிறுத்தவும் வேண்டாம். இந்த இரண்டையும் சேர்த்தே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அப்பாவும் மகளும் ஒரு கட்சி, நீங்கள் ஒரு கட்சி என்று ஆகிவிடும்.

முதலில் அந்த 4 லட்சம். மலை ஏறும்போது மல்லுக்கட்டு பெரும்பாலும் எடையோடுதான். பாப்பா 48 கிலோ, இப்போதைய சைக்கிள் 10 கிலோ, தண்ணீர் பாட்டில், ஷூ, ஹெல்மெட் எல்லாம் 2 கிலோ என்று வைத்தால் மொத்தம் 60. கார்பன் சைக்கிள் 8 கிலோ என்றால் 58 ஆகும். குறைவது முப்பதில் ஒரு பங்கு. 70 நிமிடத்தில் முப்பதில் ஒரு பங்கு 2 நிமிடம் 20 விநாடி. அதிகபட்சம் அவ்வளவுதான் மிச்சம், ஏற்றத்தில் மட்டும். சமதளத்தில் காற்றோடுதான் சண்டை, அங்கே இந்த இரண்டு கிலோவுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். 2024-இல் பெண்கள் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை போலந்து வீராங்கனை காசியா நீவியாடோமா ஜெயித்தது வெறும் 4 விநாடியில், அதுவும் எட்டு கட்டம் ஓட்டிய பிறகு. ஆனால் இரண்டே வருடம் ஓட்டிய 17 வயதுப் பெண்ணுக்கு அந்த இரண்டு நிமிடம் ஒழுங்கான பயிற்சியிலும் சாப்பாட்டிலும் தூக்கத்திலுமே கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. பயிற்சியால் இனி நேரம் குறையாது என்ற நிலை வரும்போது நல்ல சைக்கிள் வாங்கலாம். இன்னொன்று, கார்பன் ஃப்ரேம் விழுந்து அடிபட்டால் உள்ளே விட்ட விரிசல் வெளியே தெரியாமலும் போகலாம். போட்டிக் கூட்டத்தில் விழாத ஆள் கிடையாது. 4 லட்சத்துச் சாமான் ஒரே கீழ் விழுதலில் காயலான் கடைக்குப் போகலாம். கடனில் வாங்கினாலும் பாருங்கள்: 12 சதவீத வட்டியில் மூன்று வருடத் தவணை மாதம் சுமார் 13,300 ரூபாய். நீங்கள் தைத்துச் சம்பாதிப்பது அப்படியே போய்விடும்.

தம்பி சொன்ன யூரோ கணக்கு பொய் இல்லை, அரை உண்மை. உலகப் பந்தயங்களை நடத்தும் சர்வதேச சைக்கிள் சங்கம் 2020-இல்தான் முதல்தரப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை நிர்ணயித்தது: 15,000 யூரோ. 2023-இல் அது 32,102 யூரோ ஆனது, நம் பணத்தில் ஏறத்தாழ 30 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முதல்தர அணிகள் உலகம் முழுக்கச் சுமார் பதினைந்து. அதற்குக் கீழே, ஊதியம் சொற்பமாகவோ இல்லாமலோ ஓட்டுகிற பெண்கள் நிறைய. கிடைக்கிற சம்பளத்தில் ஐரோப்பாவில் வாடகை, சாப்பாடு, வரி எல்லாம் போக வேண்டும். சாதாரண ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் அங்கே தங்க முடியும்.

பரிசுத் தொகையை நம்பியும் கணக்குப் போடாதீர்கள். 2021-இல் முதல் பெண்கள் பாரிஸ்-ரூபே பந்தயத்தை ஜெயித்த லிஸ்ஸி டெய்க்னனுக்குக் கிடைத்த பரிசு 1,535 யூரோ. அதே பந்தயத்தில் ஜெயித்த ஆணுக்கு 30,000. மறு வருடம் இப்போதைய வடிவில் தொடங்கிய பெண்கள் டூர் டி பிரான்ஸில் முதல் பரிசு 50,000 யூரோ. அதையும் ஜெயித்தவள் தனியாக எடுத்துக்கொள்வதில்லை, அணியில் பங்கு போடுவது வழக்கம். காற்றைத் தடுத்து முன்னால் ஓட்டியவள், தண்ணீர் பாட்டில் சுமந்து வந்தவள் எல்லோருக்கும் அதில் உரிமை உண்டு. இந்தத் தொழிலில் பெரும்பாலோர் வருடம் முழுக்க ஒரு பந்தயமும் ஜெயிக்காமல், மற்றவளை ஜெயிக்க வைத்துச் சம்பளம் வாங்குபவர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பட்டறையில் பத்துப் பேர் கைபட்டு ஒரு ஜோடி கொலுசு ஆவதைப் பார்த்த உங்கள் வீட்டுக்காரருக்குச் சட்டென்று புரியும்.

17 வயதில் விட்டால் போச்சு என்று யாராவது அவசரப்படுத்தினால் அனமீக் வான் ஃபிளூட்டன் பெயரைச் சொல்லுங்கள். நெதர்லாந்துக்காரர், முதுகலைப் பட்டம் வாங்கியவர். கால்பந்தில் முழங்கால் அடிபட்ட பிறகு, இருபதுகளின் நடுவில்தான் இந்தப் பக்கம் வந்தார். 39 வயதில், இப்போதைய வடிவிலான பெண்கள் டூர் டி பிரான்ஸின் முதல் பந்தயத்தை ஜெயித்தார். டோக்கியோ ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் அவரையும் முந்தித் தங்கம் வாங்கிய அன்னா கீசன்ஹோஃபர் கணிதத்தில் முனைவர். அப்போது அவருக்குத் தொழில்முறை அணி ஒப்பந்தமே கிடையாது. பாப்பா கல்லூரிக்குப் போவதால் சைக்கிள் கெட்டுவிடாது.

நம் ஊரில் இந்த விளையாட்டு சோறு போடுவது வேறு வழியில். அதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். தமிழக அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கையிலும் உண்டு. எல்லா இடத்திலும் கேட்பது மெடலை அல்ல, சான்றிதழை. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் வழியாக மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஓட்டினால் ஃபார்ம்-2 என்ற சான்றிதழ் கிடைக்கும், பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் ஃபார்ம்-4. தனியார் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை ரைடில் கிடைக்கும் மெடல் ஷோகேஸுக்கு மட்டும்தான். நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பு ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்: இந்தப் போட்டிக்கு எந்த ஃபார்ம் கிடைக்கும்? அந்த இரண்டு மெடலும் எந்த வகை என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மேலே போகப் போகச் செலவு குறையவும் வழி இருக்கிறது. மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் தேர்வானவர்களுக்குக் கைச்செலவுக்கு மட்டும் மாதம் 10,000 ரூபாய் தருகிறார்கள். டெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில் தேசிய சைக்கிள் அகாடமி இருக்கிறது. ஆனால் அங்கே முக்கியத்துவம் அரங்குக்குள் வட்டப் பாதையில் ஓட்டும் டிராக் பந்தயத்துக்கு, சாலைப் பந்தயத்துக்கு அல்ல. சுனாமியில் தப்பிப் பிழைத்த கார் நிகோபார் பெண் டெபோரா ஹெரால்டு பெயர் வாங்கியது டிராக்கில்தான். ஏற்காடு ஏறுகிற கால் டிராக்கிலும் ஓட்டும், தேர்வு முகாம் வந்தால் மறுக்காமல் அனுப்புங்கள். நம் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் உதவித் திட்டங்கள் உண்டு, சேலம் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்பது நல்லது. பெரிய பணம் எல்லாம் மெடலுக்குப் பிறகுதான். நம் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு மாநில அரசு 2 கோடி அறிவித்தது 2016-இல், ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பின்புதான். அதுவரை காய்கறி விற்றுத் தாங்கிப் பிடித்தது அவருடைய அம்மா.

இனி உங்கள் வீட்டுப் பணம். செல்வமகள் கணக்கிலிருந்து சைக்கிள் வாங்க முடியாது, சட்டமே விடாது. பத்தாவது முடித்திருப்பதால் மேற்படிப்புக்காக மட்டும் இருப்பில் பாதி வரை எடுக்கலாம், அதுவும் கல்லூரி கேட்கும் கட்டண அளவுக்குத்தான். சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். அது கல்லூரிக்கு. 2 லட்சம் எஃப்.டி. உங்கள் வீட்டின் ஆறு மாதச் சாப்பாடு. வெள்ளி விலை ஏறினால் பட்டறையில் எப்படி வேலை குறையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொடாதீர்கள். நகையையும் விட்டுவிடுங்கள்.

சைக்கிளுக்குச் சீட்டுப் பணம் வரட்டும். ஐந்து மாதம் பழைய சைக்கிளே போதும். அந்த ஒரு லட்சத்தில் நல்ல செகண்ட் ஹேண்ட் ரேஸ் சைக்கிள், அலுமினிய ஃப்ரேம், தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பார்த்து வாங்குங்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கார்பனாக இருந்தால் அதைத்தான் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். சீட்டு முடிந்ததும் மாதா மாதம் விடுபடும் 5,000 இருக்கிறதே, அதை அப்படியே பாப்பாவின் சைக்கிள் செலவுக்கு ஒதுக்குங்கள்: டயர், செயின், போட்டிக்குப் போகும் ரயில் டிக்கெட், முட்டை, பால். வேறு கை நீட்ட வேண்டியதில்லை. நோட்டுப் போட்டு அவளே எழுதட்டும்.

இரண்டு சீசன் இப்படி ஓட்டிப் பாருங்கள். 19 வயதுக்குள் மாநில அணியில் இடம் பிடித்து ஃபார்ம்-2 வந்துவிட்டால் பெரிய சைக்கிள் பற்றி மறுபடி எழுதுங்கள், அப்போது நகைக்கடன் வரை பேசலாம். வராவிட்டாலும் ஓட்டலாம், 5,000-க்கு மேல் ஏற்றாமல். நடுவில் யாராவது "வெளிநாட்டு அணி, சேர இவ்வளவு கட்டுங்கள்" என்று வந்தால் அன்றோடு அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் உங்களிடம் ஏன் பணம் கேட்கிறார்கள்?

நீங்கள் கேட்காத ஒன்று, காப்பீடு. மருத்துவக் காப்பீட்டில், அபாயகரமான சாகச விளையாட்டில் தொழில்முறையாகப் பங்கேற்று அடிபட்டால் பணம் கிடையாது என்று ஒரு விலக்கு இருக்கும். அந்தப் பட்டியலில் மலையேற்றமும் மோட்டார் பந்தயமும் இருக்கும், சைக்கிள் பெயர் இருக்காது. ஆனால் "இவை மட்டுமல்ல" என்றும் ஒரு வார்த்தை இருக்கும். விபத்துக் காப்பீட்டிலும் பந்தயத்துக்குத் தனி விலக்கு இருக்கலாம். சைக்கிள் பந்தயத்தில் விழுந்தால் உண்டா இல்லையா என்று கம்பெனியிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜெண்ட் வாயால் சொன்னது செல்லாது. வீட்டுக்காரர் பெயரில் 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசியும் (அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் வரும் ஆயுள் காப்பீடு) போடுங்கள். இந்தத் திட்டம் முழுவதும் நிற்பது அவர் சம்பளத்தின் மேல்.

ஏற்காடு ஏறுவதை எழுதினீர்கள், இறங்குவதை எழுதவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வர வேண்டும், எதிரே பஸ் ஏறும். சீட்டு முடியும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே பிரேக் கட்டையை மாற்றிவிடுங்கள்.