பீகலா, பொயின்டரா? குட்டி வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: தினமும் காலையில் ஓடுபவன் நான். மகனுக்கு 14, மகளுக்கு 11. ஞாயிறு என்றால் நாலு பேரும் மலை ஏறப் போய்விடுவோம். நாயையும் அவிழ்த்துவிட்டு நடக்க ஆசை. பீகல் வாங்குவதா, ஜெர்மன் ஷோர்ட்ஹெயர் பொயின்டர் வாங்குவதா? (பண்டாரவளை)

பதில்: அவிழ்த்துவிட்டு நடக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. இரண்டும் வேட்டை நாய்தான், ஆனால் வேலை வேறு. பீகல் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாக ஓடவிட்ட இனம். மோப்பம் கிடைத்ததும் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஊளையிட்டபடி போய்க்கொண்டே இருக்கும், ஆள்தான் பின்னால் ஓட வேண்டும். அந்த நேரம் நீங்கள் கூப்பிடுவது அதற்கு உறைக்காது. பொயின்டர் அப்படியில்லை. ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டில், பறவை இருக்கும் இடத்தைக் கண்டு அசையாமல் நின்று காட்டவும், சுட்டு விழுத்தியதை எடுத்துவரவும், வேட்டைக்காரனோடு சேர்ந்தே வேலை செய்யும்படி உருவாக்கிய நாய். கொஞ்சத் தூரம் ஓடும், நின்று திரும்பி உங்களைப் பார்க்கும். நீளக் கயிற்றில் பொறுமையாகப் பழக்கினால் கூப்பிட்டதும் வரும்.

நம் மலையில் இது சின்ன விஷயம் இல்லை. தேயிலைக்குள் நுழைந்த பீகல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது, காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு எங்கே கிடக்கிறது என்றும் தெரியாது. அந்தச் சுருக்கில் சிறுத்தையே மாட்டிச் சாகிறது, நாய் எம்மாத்திரம்! சிறுத்தை நாயைத் தூக்கிப் போவதும் தோட்டப் பக்கத்தில் எல்லோரும் அறிந்ததுதான். பீகல் என்றால் ஆயுசு முழுக்கக் கயிறோடுதான் நடை.

ஆகவே உங்கள் வீட்டுக்குப் பொயின்டர் என்பேன். ஆனால் ஐப்பசி மழையிலும் அதற்கு ஓட்டம் வேண்டும், உங்களுக்குக் கால் வலித்தால் மகன் கூட்டிப் போக வேண்டும். இதற்கு வீட்டில் எல்லோரும் சரி என்று சொன்ன பிறகு காசைக் கொடுங்கள். வளர்ந்தால் 20 முதல் 30 கிலோ வரை வரும், இழுத்தால் மகளால் பிடிக்க முடியாது. ஒரு வயது தாண்டும் வரை உங்களோடு நீண்ட ஓட்டம் ஓடவிடாதீர்கள், மூட்டு கெடும். நெஞ்சு ஆழமான இனம், அதனால் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்ட கையோடு ஓடவிட வேண்டாம்; வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணித்தியாலத்தில் உயிர் போய்விடும். மயிர் குட்டை என்பதால் மார்கழிக் குளிரில் வெளியே கட்டவும் கூடாது.

இவ்வளவும் முடியாது என்றால் பீகல் எடுங்கள், தவறில்லை. பத்துக் கிலோ அளவு நாய், பிள்ளைகளோடு நன்றாக ஒட்டும். மழையில் நனைந்து வந்தால் தொங்கும் காதைத் தூக்கி உள்ளே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும். மிச்சச் சோற்றை எல்லாம் போட்டால் பீப்பாயாக ஊதிவிடும்.

கேள்வி: லயத்து வீட்டில் காவலுக்கு பீகல் சரிவருமா? (ஹட்டன்)

பதில்: வராது. திருடனுக்கும் வாலாட்டும், ஊளைச் சத்தத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்தான் தூங்க மாட்டார். நல்ல ஊர் நாய்க்குட்டி ஒன்றை வளருங்கள்.

கேள்வி: முகநூலில் படம் பார்த்துப் பொயின்டர் குட்டிக்கு 25,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டேன். இப்போது அந்த நம்பர் வேலை செய்யவில்லை. (தலவாக்கலை)

பதில்: ஏமாந்துவிட்டோமே என்று கூச்சப்பட்டு வீட்டோடு இருந்துவிடாதீர்கள், வெட்கப்பட வேண்டியவன் அவன். வங்கியில் காசு போட்ட சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், அந்த விளம்பரம் எல்லாவற்றையும் அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். இன்றைக்கே வங்கிக்கு அறிவியுங்கள், அப்படியே பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். காசு திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் முறைப்பாடு இல்லாவிட்டால் அவனைத் தேட யாருக்கும் காரணமே இருக்காது.

கேள்வி: பீகல் குட்டி வாங்கி வந்த மறுநாளே வாந்தி, இரத்தக் கழிச்சல். ஐந்தாம் நாள் செத்துவிட்டது. பார்வோ என்றார் வைத்தியர். ஊசி போட்டதாகக் கார்ட் தந்த விற்பனைக்காரர், வீட்டில்தான் தொற்றியது என்கிறார். (நுவரெலியா)

பதில்: பிள்ளைகள் அழுததை எழுதியிருந்தீர்கள், வாசிக்கவே கஷ்டமாக இருந்தது. அவர் சொல்வது பொய். பார்வோ தொற்றி நோய் வெளியே தெரியக் குறைந்தது மூன்று நாளாவது ஆகும். மறுநாளே வாந்தி என்றால் அது அவரிடம் இருந்தே வந்த நோய். இதை வைத்தியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அந்தக் கார்டைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் ஆத்திரம் தீராது. நீங்கள் அனுப்பிய படத்தில் நீலப் பேனையால் ஒரு திகதி, ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். ஒழுங்கான கார்டில் மருந்துப் போத்தலில் இருந்து உரித்து ஒட்டிய லேபிள் இருக்கும், அதில் மருந்தின் பெயரும் தொகுதி இலக்கமும் இருக்கும், பக்கத்தில் வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் இருக்கும். அச்சுக்கடையில் யாரும் கார்ட் அடிக்கலாம். நிறக் கார்டைக் காட்டி, பால் மறக்காத குட்டியை விற்று, செத்ததும் கையை விரிக்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பவரிடம் எதையுமே வாங்கக் கூடாது. தாயைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வாருங்கள்.

விற்பதையே தொழிலாகச் செய்பவர் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள், 1977க்கு அழைத்தும் கேட்கலாம். மத்தியஸ்த சபைக்கும் போகலாம். ஒன்று முக்கியம்: அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். ஊசி முழுதாகப் போடாத இன்னொரு குட்டியை அந்த வளவுக்கு இப்போது கொண்டுவராதீர்கள்.

கேள்வி: புள்ளி அழகாக இருக்கிறதே என்று பொயின்டர் வாங்கினோம். எட்டு மாதம். வேலைக்குப் போகும்போது கட்டிப்போடுவோம், கதவைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. இது கெட்ட இனமா? (வெலிமடை)

பதில்: இனம் கெட்டதில்லை. நாள் முழுக்க ஓடப் பிறந்த நாயை நாலடிச் சங்கிலியில் கட்டிவிட்டு, அது கதவைக் கடிக்கிறது என்று எனக்கு எழுதுகிறீர்கள். நாளை காலையே அவிழ்த்து நடத்துங்கள். முடியாவிட்டால் முடிந்த வீட்டுக்குக் கொடுங்கள், விற்காமல்.

கேள்வி: நாய்க்குத் தோல் பட்டி நல்லதா, நைலோனா? (மஸ்கெலியா)

பதில்: நம் மழைக்கு நைலோன். தோல் என்று சொல்லி எனக்கு விற்ற பட்டி முதல் மழையிலேயே மேலே உரிந்து உள்ளே மட்டை தெரிந்தது, கடைக்காரர் மாற்றித் தரவும் இல்லை. கொளுவி பித்தளையா என்று பாருங்கள், தகரம் துருப்பிடித்துப் பட்டென்று விடும். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள்.