எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு முதல் தடவை போறேன், எப்படித் தயாராகணும்?

அநேகமா நீங்க பாளையங்கோட்டைப் பக்கம் பிஎச்டி சேந்திருப்பீங்க, கைடு "எக்மோர் போயிப் பாருங்க"ன்னு ஒத்த வரில முடிச்சிருப்பாரு. எல்லா கைடும் அப்படின்னு சொல்லல, சண்டைக்கு வராதீங்க.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, நீங்க தேடுற வருசத்துல அந்த ஊரு யாரு கைல இருந்துச்சுன்னு பாருங்க. எனக்குத் தலைப்பு செங்கோட்டைப் பக்கத்துக் குளத்துப் பாசனம். கூடப் படிச்சவங்க எல்லாம் எக்மோருக்குக் கெளம்ப நான் மட்டும் திருவனந்தபுரம் பஸ் ஏறுனேன், டிபார்ட்மெண்டே சிரிச்சாவ. செங்கோட்டை தமிழ்நாட்டோட சேந்ததே 1956 நவம்பர் 1லதான், அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர் சீமை. எங்க ஆச்சி டிரங்குப் பெட்டில கெடந்த ஒத்திப் பத்திரத்துல ரூவாயே கெடையாது, திருவிதாங்கூர்க் காசான சக்கரத்துலதான் கணக்கு, வருசமும் மலையாளத்துக் கொல்லம் ஆண்டு, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு நடு மடிப்புல ரெண்டா விட்டுப்போயி இருந்துச்சு. அதப் பாத்தப்புறமும் எக்மோர் போவேனா? அங்க ஒண்ணுமே இல்லன்னு சொல்லல, எல்லைத் தகராறு பைல் ஏதும் இருக்கலாம், ஆனா மடைக் கணக்கு எனக்குக் கெடச்சது திருவனந்தபுரத்துலதான்.

உங்களுக்கு வெள்ளைக்காரன் மெட்ராஸ் மாகாணத்துல இருந்த திருநெல்வேலி டவுன், அம்பாசமுத்திரம் பக்கம்னா எக்மோரே சரி. இண்டெக்ஸ்ல திருநெல்வேலிய டின்னவெல்லின்னும் பாளையங்கோட்டையப் பாளம்கோட்டான்னும் தேடுங்க. 1899 சிவகாசி கலவரத்த ராம்நாட் (ராமநாதபுரம்) ஜில்லாவுல தேடிட்டு இல்லன்னு வந்துராதீங்க, அந்த ஜில்லாவே 1910லதான் பிரிஞ்சது. பசலின்னு (ஜூலைல தொடங்குற வரி வருசம்) போட்டிருந்தா இங்கிலீஷ் வருசத்துக்கு 590 கூட்டணும், ஜனவரில இருந்து ஜூனுக்குள்ளன்னா 591. கொல்லத்துக்கு 824, ஜனவரி பொறந்துட்டா 825. ஜி.ஓ. (அரசாணை) நம்பர், தேதி, டிபார்ட்மெண்ட் ரெவென்யூவா ஜுடிஷியலா, இது மூணும் நீங்க எழுதிக் குடுக்குற சீட்டுல இல்லன்னா பைல் கட்டு வராது. எச்.ஆர். பேட் எழுதுன 1917 திருநெல்வேலி ஜில்லா கெசட்டியர வீட்லயே படிச்சிட்டுப் போங்க. காலேஜ் லெட்டர், பென்சில் மறக்காதீங்க.

இவ்வளவு பாடுபட்டாலும் கல்யாண வீட்ல "இதுக்கு என்ன சம்பளம்?"னுதான் கேப்பாவ. அந்தப் பெட்டில மிச்சமிருந்த பத்திரத்தையெல்லாம் பழைய பேப்பர் கடைல எடைக்குப் போட்டது எங்க மாமாதான், இப்போ தோப்புல வேலித் தகராறுன்னதும் "ஏல, நீ ஆபீஸ் ஆபீஸா போறியே, நம்ம பழைய பத்திரம் எதும் கெடைக்குமா"ன்னு தெனம் போனு.