அலாஸ்கா: வாசகர் கேள்விகள்

கேள்வி: அலாஸ்காவை ரஷ்யா வெறும் 72 லட்சம் டாலருக்கு விற்றதே, ஏமாந்துதானே?

பதில்: இல்லை. கிரிமியப் போரில் அடிபட்டுக் கிடந்தது ரஷ்யா. பக்கத்துக் கனடாவிலிருந்து பிரிட்டன் கைவைத்தால் அலாஸ்காவைக் காப்பாற்ற வழியில்லை. கடல் நீர்நாய்த் தோல் வணிகமும் படுத்துவிட்டது. பறிபோவதற்குள் காசாக்கிவிட்டார்கள். 1867 மார்ச் 30 அதிகாலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏக்கருக்கு 2 சென்ட் வாக்கில் வருகிறது. ஏமாந்தவர்கள் என்றால் அங்கேயே வாழ்ந்துவந்த பழங்குடியினர்தான். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேள்வி: ரஷ்ய அலாஸ்காவின் தலைநகரான சிட்காவில் 1867 அக்டோபர் 6 வெள்ளிக்கிழமை, மறுநாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளிக்கிழமை என்று படித்தேன். அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை, இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்ததன் விளைவு. ரஷ்யர்கள் பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டி, அமெரிக்கர்களின் கிரிகோரியனைவிட 12 நாள் பின்தங்கியிருந்தது. நாட்காட்டி மாறினால் தேதிதான் மாறும், கிழமை மாறாது. கிழமை இரட்டித்ததற்குக் காரணம் வேறு. ரஷ்யர்கள் சைபீரியா வழியாகக் கிழக்கு நோக்கி வந்தவர்கள்; ஆசியாவின் நாளையே கூடக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் நாள் அதற்கு ஒன்று பின்னால். அதனால் 12 கூட்டி 1 கழிக்க வேண்டும்.

பழைய ஆவணம் படிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 12 மட்டும் கூட்டினால், ரஷ்யக் கணக்கில் அக்டோபர் 7 சனிக்கிழமை அலாஸ்காவை அமெரிக்காவிடம் ஒப்படைத்த கொடிமாற்ற விழா அக்டோபர் 19 ஆகிவிடும். 11 கூட்டி, கிழமையை ஒன்று பின்னே தள்ளுங்கள்: அக்டோபர் 18, வெள்ளி. இது 19-ஆம் நூற்றாண்டுக்கான கணக்கு. 18-ஆம் நூற்றாண்டு ஆவணமானால் 10 போதும்; அப்போது நாட்காட்டி இடைவெளி 11 நாள்தான்.

கேள்வி: 1968-இல் எண்ணெய் கிடைத்தும், குழாயில் ஓட 1977 வரை ஏன் ஆனது? அந்தக் குழாய் ஏன் கோணல்மாணலாகப் போகிறது?

பதில்: நிலம் யாருடையது என்பதே தீராமல் குழாய் போட முடியவில்லை. 1867-இல் கேட்கப்படாதவர்களின் வழக்கு, 1971 டிசம்பரில் வந்த சட்டத்தால் தீர்ந்தது: பழங்குடியினருக்கு 4.4 கோடி ஏக்கரும் 96.25 கோடி டாலரும்.

அடுத்த சிக்கல் மண். வடக்கே பூமி ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கிறது. சூடான எண்ணெய்க் குழாயைப் புதைத்தால் மண்ணிலுள்ள பனி உருகும், தரை உள்வாங்கும், குழாய் முறியும். அதனால் 800 மைலில் பாதிக்கும் மேல், சுமார் 420 மைல், தூண்கள்மேல் போகிறது. பல தூண்களுக்குள் அம்மோனியா அடைத்த குழாய்கள் உண்டு. குளிர்காலத்தில் அடியிலுள்ள அம்மோனியா மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலேறும். உச்சியிலுள்ள தகடுகளில் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிக் கீழே வடியும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. கோடையில் காற்று மண்ணைவிடச் சூடானதும் தானே நின்றுவிடும். இதைவிடச் சிக்கனமான குளிர்பதனி எது!

கோணல் வேண்டுமென்றே வைத்தது. 48 அங்குலக் குழாய் சூட்டில் நீளும். நேராகப் போட்டால் நெளிந்துவிடும். வளைத்துப் போட்டதால், நீளும்போது பக்கவாட்டில் வழுக்கிக்கொள்கிறது. டெனாலி நிலப்பிளவைக் கடக்கும் இடத்தில் நீண்ட கிடைச்சட்டங்கள்மேல் வைத்தார்கள். 2002 நவம்பர் 3-இல் 7.9 அளவு நிலநடுக்கம் வந்தும் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை.

கேள்வி: அலாஸ்காவில் குடியேறினால் அரசு காசோலை தருமாமே?

பதில்: தரும், உடனே அல்ல. எண்ணெய் வருமான நிதியிலிருந்து ஆண்டுதோறும் வரும் பங்கு அது. முந்தைய நாட்காட்டி ஆண்டு முழுதும் அங்கே வசித்திருக்க வேண்டும். ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். 1982-இல் முதல் தொகை 1,000 டாலர். வசித்த ஆண்டுகளுக்கு ஏற்பக் கூடுதலாகத் தரவே முதலில் திட்டமிட்டார்கள். புதியவர்களுக்கு அநீதி என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தள்ளிவிட்டது.