45 நாள் லாப்ரடார் குட்டி இரவெல்லாம் கத்துகிறது, எல்லோரையும் கடிக்கிறது. ஃபிளாட்டில் எப்படிப் பழக்குவது?

45 நாளிலேயே குட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவது இங்கே பல ப்ரீடர்களுக்கு வழக்கமாகிவிட்டது. 2017இல் வந்த மத்திய அரசு விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. சரி, வாங்கியாயிற்று. ஆனால் நீங்கள் சொல்லும் கத்தலுக்கும் கடிக்கும் பாதிக் காரணம் அதுதான். கூடப் பிறந்ததுகளோடு கட்டிப் புரளும்போது ஒன்று அழுத்திக் கடித்தால், மற்றது வீலென்று கத்திவிட்டு விலகிப் போய்விடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி அப்படித்தான் கற்கிறது. உங்கள் குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுவிட்டது.

மிச்சத்தை நீங்கள் நடத்துங்கள். கடித்ததும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், அது துரத்த ஆரம்பிக்கும். பேசாமல் எழுந்து போய்விடுங்கள். சிறிது நேரம் கழித்து வந்து, கடிக்க ஒரு கயிற்றைக் கொடுங்கள். அடி வேண்டவே வேண்டாம். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். தாத்தா மட்டும் வேட்டி நுனியைக் காட்டி விளையாடினால் எல்லாம் வீண். (எங்கள் வீட்டில் அந்தத் தாத்தா என் மாமனார். அவரைப் பழக்குவதுதான் பெரும்பாடு.)

ராத்திரி பால்கனியில் விடாதீர்கள். கொஞ்ச நாளைக்கு உங்கள் கட்டிலோரம் ஒரு பெட்டியில் படுக்கட்டும். கை எட்டும் தூரத்தில் ஆள் இருந்தாலே கத்தல் குறையும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஆடி ஓய்ந்ததும் ஒண்ணுக்கு வரும். அப்போதெல்லாம் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். போனதும் அங்கேயே ஒரு துண்டு வேகவைத்த கோழி. வேறு இடத்தில் போய்விட்டால் வெறும் பினாயில் போதாது. வாடை நம் மூக்குக்குத்தான் தெரியாது, அதன் மூக்குக்குத் தெரியும். அதற்கென்றே பெட் ஷாப்பில் என்சைம் திரவம் கிடைக்கும்.

ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிட வேண்டாம். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாந்தி, ரத்தபேதி என்று ஆரம்பித்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் ஓடுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. நோய்க்குப் பயந்து வீட்டிலேயே அடைத்தும் வைக்காதீர்கள். மூன்றரை மாதத்துக்குள் பார்த்துப் பழகியவற்றைக் கண்டு பின்னால் அவ்வளவாகப் பயப்படாது. தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோ, குப்பை வண்டி, ஹெல்மெட் போட்ட ஆள், எல்லாவற்றையும் காட்டுங்கள்.

பால் சாதம் வேண்டாம், பல குட்டிகளுக்கு வயிற்றால் போகும். சாம்பார் சாதமும் கூடாது, வெங்காயம் நாய்க்கு விஷம். திராட்சையும் சாக்லேட்டும் அப்படியே.

மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி. அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள், மாநகராட்சி லைசென்ஸுக்குக் கேட்பார்கள்.